பர்மாவில் உரத் தொழிலில் முதல் போடுவது: ஆலையா, கலவையா, கிடங்கா? (இணையக் குழு உரையாடல்; எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியவரின் புனைபெயர்)

1. சௌத்தான் வயல்

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோனை அடுத்த தங்லின், சௌத்தான், தொங்வா பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிற ஆறு குடும்பம் சேர்ந்து உரத்தில் முதல் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று வழி பேச்சில் இருக்கிறது. ஒன்று, யூரியாவும் டி-சூப்பரும் (ட்ரிபிள் சூப்பர் பாஸ்பேட், மணிச்சத்து உரம்) நேராக இறக்குமதி செய்வது. இரண்டு, திலவா துறைமுகப் பக்கம் சின்னதாக ஒரு கலவை ஆலை போட்டு 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 15 விழுக்காடு) மூட்டை கட்டுவது. மூன்று, யூரியா செய்ய நாட்டிலேயே எரிவாயு இருக்கிறதே, தனியார் யூரியா ஆலை ஏதாவது வந்தால் அதில் பங்கு வாங்குவது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவுக்காரர்களும் கொஞ்சம் தருவதாகச் சொல்கிறார்கள். எது நிற்கும், எது கையைக் கடிக்கும்? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

2. கூடைக் கணக்கு

ஆலை, கிடங்கு எல்லாம் பிறகு. முதலில் இந்த ஒரு கணக்கு: ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை கூடை நெல்? இது தெரியாமல் போடுகிற எந்த முதலும் இருட்டில் கல் எறிவது.

50 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது 23 கிலோ. மூட்டை 1,10,000 கியாட் என்று வைத்துக்கொள்வோம். நெல் 100 கூடை 20 லட்சம் என்றால் கூடை 20,000. கூடைக்கு 20.9 கிலோ. ஆக மூட்டைக்கு ஐந்தரைக் கூடை நெல் போகிறது.

இனி வரவு. தண்ணீர் நிறுத்தி, களை எடுத்து, சமயம் பார்த்து மூன்று தவணையாகப் போட்டால் 1 கிலோ தழைச்சத்துக்குச் சுமார் 10 கிலோ நெல் கூடுதலாகக் கிடைக்கும். 23 கிலோவுக்கு 230 கிலோ, அதாவது 11 கூடை. போட்டது இரண்டு மடங்காகத் திரும்புகிறது. விவசாயி அடுத்த வருஷமும் வாங்குவார். அதையே தேங்கின தண்ணீரில் ஒரே வீச்சாக வீசிவிட்டுப் போனால் 6 கிலோதான் கிடைக்கும் என்று வையுங்கள். 138 கிலோ, ஆறரைக் கூடை. ஐந்தரை கொடுத்து ஆறரை வாங்க யாரும் வட்டிக்குக் கடன் எடுக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் சந்தை எவ்வளவு பெரியது என்பதை ஏக்கர் கணக்கு சொல்லாது, இந்த விகிதம்தான் சொல்லும். மூட்டை எட்டுக் கூடைக்குப் போனால் விவசாயி முதலில் சாம்பல் சத்து தரும் பொட்டாஷை விடுவார், அடுத்து டி-சூப்பரை, கடைசியில் யூரியாவைப் பாதியாக்குவார். பொட்டாஷ் நிறைய வாங்கி வைத்தவர் அந்த வருஷம் மாட்டிக்கொள்வார்.

3. திலவா சரக்கு

இறக்குமதி பற்றி நான் சொல்கிறேன். இந்த நாட்டில் உரத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வருகிறது. சீனச் சரக்கு மூசே, லாஷியோ வழியாக லாரியில் மண்டலேக்கு இறங்கும். தாய்லாந்துச் சரக்கு மியாவடி வழியாக. மத்தியக் கிழக்கு, மலேசியா, இந்தோனேசியா யூரியா கப்பலில் யாங்கோனுக்கு. எல்லை வழி இரண்டும் அடுத்தடுத்து அடிபட்டன. 2021 அக்டோபரில் சீனா உர ஏற்றுமதிக்குச் சுங்கச் சோதனையைக் கட்டாயமாக்கியது, சரக்கு இறுகியது. 2023 அக்டோபர் 27-இல் வடக்கு ஷானில் சண்டை தொடங்கியதும் மூசே சாலை அறுந்தது. 2024 ஏப்ரலில் மியாவடியிலும் அதே கதி. ஒரே எல்லையை நம்பி வியாபாரம் கட்டாதீர்கள்.

விலை ஆட்டமும் சாதாரணம் இல்லை. உலகச் சந்தையில் யூரியா 2020-இல் சராசரி டன் 230 டாலர் அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் 900-ஐத் தாண்டியது. உச்சத்தில் ஒப்பந்தம் போட்டு, சரக்கு வந்து சேர்வதற்குள் விலை இறங்கினால், மூட்டை ஒவ்வொன்றிலும் நட்டம்.

அதைவிடப் பெரிய தலைவலி டாலர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பணத்தை டாலர் 1,850 கியாட்டுக்கு மாற்றச் சொன்னார்கள், ஆகஸ்டில் அது 2,100 ஆனது. வெளிச்சந்தை அதன் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. உரிமம், டாலர் ஒதுக்கீடு, வங்கிக் கடிதம் மூன்றும் ஒரே வாரத்தில் கூடி வரவேண்டும்; ஒன்று பிந்தினால் மற்ற இரண்டும் காலாவதியாகும். 2022 அக்டோபரில் பண மோசடித் தடுப்பு அமைப்பான எஃப்ஏடிஎஃப் நாட்டைக் கறுப்புப் பட்டியலில் வைத்த பிறகு வெளிநாட்டு வங்கிகள் ஒவ்வொரு தாளையும் கிளறுகின்றன. சொந்தமாக ஏற்றுமதி வருமானம் உள்ளவர்கள்தான் ஓரளவு மூச்சு விடுகிறார்கள். பயறு ஏற்றுமதி செய்கிற கம்பெனியோடு சேராமல் ஆறு குடும்பம் மட்டும் நேரடி இறக்குமதிக்குப் போவது சரிப்படாது.

இன்னொன்று காலக்கணக்கு. ஆடி நடவுக்கு வேண்டிய யூரியாவுக்கு மாசியிலேயே விலை பேசி, சித்திரைக்குள் கரை சேர்க்க வேண்டும். ஜூன் பிறந்தபின் கப்பலில் சாக்கு இறக்கினால் மழைக்கு நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டிவரும், கப்பல் காத்திருப்புக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். யாங்கோன் ஆற்றில் ஆழம் குறைவு, கப்பல் கடல் ஏற்றம் பார்த்துத்தான் உள்ளே வரும். பெரிய கப்பலில் மலிவாகக் கொண்டுவரும் லாபம் நமக்குக் கிடையாது.

4. சௌத்தான் வயல்

திலவா அண்ணே, நன்றி. அப்படியென்றால் உள்நாட்டு ஆலை வந்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமே?

5. ஆலைப்பொறி

தீராது தம்பி. ஏன் என்று எண்களில் சொல்கிறேன்.

1 டன் யூரியாவுக்கு 0.58 டன் அம்மோனியா வேண்டும். அம்மோனியா, நீராவி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 1 டன் யூரியாவுக்கு 22 முதல் 28 எம்எம்பிடியு (பத்து லட்சம் பிடியு, வாயுவை அளக்கும் வெப்ப அலகு) எரிவாயு. 25 என்று எடுத்தால், வாயு எம்எம்பிடியு 8 டாலருக்குக் கிடைத்தாலும் வாயுச் செலவு மட்டும் 200 டாலர். வருஷம் 5 லட்சம் டன் ஆலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.5 கோடி கன அடி வாயு, இடைவிடாமல். இடைவிடாமல் என்பதுதான் முக்கியம். அம்மோனியா ஆலையை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது. வாயுவைப் பிரிக்கும் சீர்திருத்தி (ரிஃபார்மர்) உலையின் குழாய்கள் 800 பாகைக்கு மேல் வேலை செய்கின்றன. ஒவ்வொரு தடவை குளிர்ந்து சூடாகும்போதும் குழாய் விரிசல் விடும், வினையூக்கி தூளாகும்.

அரசிடம் ஐந்து யூரியா ஆலை உண்டு. சலே, சுன்ச்சாங் எல்லாம் பழையவை. ஐராவதி டெல்டாவில் கன்ஜிதவுன் பிந்தி வந்தது. கொள்ளளவு முழுக்க அவை ஓடாததற்குப் பெரிய காரணம் வாயுதான். கடல் வயல்களான யடானாவின் வாயு 1998 முதலும், ஷ்வேயின் வாயு 2013 முதலும் ஒப்பந்தப்படி தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் போகின்றன. உள்ளூர்ப் பங்குக்கு மின்நிலையங்கள் முதல் வரிசையில் நிற்கின்றன. யடானாவும் வற்றி வருகிறது, எண்ணெய்க் கம்பெனிகளான டோட்டலும் செவ்ரானும் 2022 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தன. வாயு ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இல்லாத யூரியா ஆலைப் பங்கு என்றால் கிட்டேயே போகாதீர்கள்.

6. கலவைக்காரர்

நடு வழி, கலவை ஆலை. இதில் படிக்க நிறைய இருக்கிறது, தவறு செய்யவும் நிறைய இடம் இருக்கிறது.

15-15-15 ஒரு டன்னுக்குச் செய்முறை பாருங்கள். டிஏபி (18-46: தழைச்சத்து 18, மணிச்சத்து 46 விழுக்காடு) 326 கிலோ; மணிச்சத்து முழுதும், தழைச்சத்து 58.7 கிலோவும் இதிலேயே வரும். மீதித் தழைச்சத்துக்கு யூரியா 198 கிலோ. சிவப்புப் பொட்டாஷ் 250 கிலோ. கூட்டினால் 774 கிலோதான். மீதி 226 கிலோ வெறும் நிரப்பி: களிமண் குருணை, டோலமைட். அதையே நிரப்பி இல்லாமல் கட்டினால் 19-19-19 வரும். டெல்டாவுக்குப் படகில் ஏற்றும்போது நாலு மூட்டையில் கிட்டத்தட்ட ஒரு மூட்டை மண்ணுக்குக் கூலி கொடுக்கிறோம் என்று அர்த்தம். ஆனாலும் சந்தையில் 15-15-15 என்ற எண்ணுக்குத்தான் பழக்கம். 19-ஐ அதிக விலைக்கு விற்க வயலில் செய்து காட்ட வேண்டும்.

இனி எங்கே கெடும் என்று. இங்கே டி-சூப்பர் எளிதாகக் கிடைக்கிறது என்று டிஏபிக்குப் பதில் அதை யூரியாவோடு கலப்பார்கள். கலக்கவே கூடாது. டி-சூப்பரின் படிகத்துக்குள் கட்டுண்ட நீர் இருக்கிறது. யூரியா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நீரை வெளியே தள்ளும். வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் படாமலே மூட்டைக்குள் கூழாகிவிடும். கட்டின அன்று அழகாக இருக்கும், சில நாளில் சாக்கு ஈரம் கசியும்.

இரண்டாவது, ஈரம் இழுக்கும் அளவு. யூரியா தனியாக இருந்தால் காற்றின் ஈரப்பதம் 72–75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் உறிஞ்சும். பொட்டாஷ் தனியாக 84 வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் 60-இலேயே உறிஞ்சத் தொடங்கும். யாங்கோனில் ஆனி முதல் புரட்டாசி வரை சராசரி ஈரப்பதம் 80-க்குக் கீழே இறங்குவதே அரிது. ஆகக் கலக்கும் வேலை மாசி, பங்குனியில் முடிந்து, உள்ளே பிளாஸ்டிக் பை போட்டுச் சூடு ஒட்டி, கட்டியாக வேண்டும். மழைக்காலத்தில் தினம் கலந்து தினம் விற்கலாம் என்ற திட்டம் இங்கே நடக்காது.

மூன்றாவது, மணியின் அளவு. சீனாவிலிருந்து வரும் முத்து யூரியா 1–2 மில்லிமீட்டர், டிஏபி 2–4. லாரி ஆட்டத்தில் சின்னது அடியில் இறங்கும், பெரியது மேலே நிற்கும். மூட்டையின் மேல் பாதி ஒரு கணக்கு, அடிப் பாதி ஒரு கணக்கு. ஆய்வுக்கூடத்தில் எண் தவறினால் பதிவு போகும். குருணை யூரியாவே வாங்க வேண்டும், அது விலை கூடுதல். எல்லாப் பொருளையும் 2–4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துத்தான் கலவை உருளைக்கு விட வேண்டும்.

திலவாவில் ஏற்கனவே ஜப்பானின் மருபேனி கம்பெனி வருஷம் 1 லட்சம் டன் அளவில் கலவை ஆலை போட்டிருக்கிறது. விலையில் அவர்களோடு மோத முடியாது. ஒரு பயிருக்கு, ஒரு வட்டாரத்துக்கு என்று தனி எண் கட்டினால் மட்டும் சின்ன ஆலைக்கு இடம் உண்டு. மோல்மேன் பக்கத்து ரப்பர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

7. சட்டம் பார்ப்பவர்

கலவைக்காரர் சொன்ன பதிவு பற்றி ஒரு வரி. 2002 உரச் சட்டமும் 2015 திருத்தமும்தான் அடிப்படை. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பதிவு, விவசாயத் துறையின் நிலப் பயன்பாட்டுப் பிரிவு வழியாக. 2015-இல் கூட்டுக் கம்பெனிக்கும் 2017-இல் முழு வெளிநாட்டுக் கம்பெனிக்கும் உர வியாபாரம் திறந்தது. உறவுக்காரர் பணம் பற்றி: 2017 கம்பெனிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கு 35 விழுக்காடு வரை இருந்தாலும் அது உள்நாட்டுக் கம்பெனிதான். 34-இல் நிறுத்துங்கள். உள்ளூர்ப் பங்காளிகள் ஆறு பேரில் யாரிடம் முழுக் குடியுரிமை அட்டை இருக்கிறது, யாரிடம் 1982 சட்டப்படி நீல அட்டை (இணைக் குடிமகன்) அல்லது பச்சை அட்டை (பின்னால் குடியுரிமை பெற்றவர்) இருக்கிறது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். நிலப் பத்திரத்தில் இது பிந்திச் சிக்கலாகும்.

8. சுண்ணாம்புச் சோதனை

போலி உரத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்தச் சந்தையில் நம்பிக்கைதான் சரக்கு. கிடங்கு வைப்பவர்கள் ஒவ்வொரு லாரியிலும் இதைச் செய்யுங்கள், ஆய்வுக்கூடம் வேண்டாம்.

யூரியா: ஒரு கரண்டியில் பத்து மணி வைத்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். முழுதும் உருகித் தண்ணீர்போல் நிற்க வேண்டும். வெடித்துச் சிதறினால் உப்பு. உருகாமல் வெள்ளைப் புகையாகப் போனால் அம்மோனியம் குளோரைடு. அதில் தழைச்சத்து 25 விழுக்காடுதான். அடுத்து, வெற்றிலைக் கடையில் கொஞ்சம் ஈரச் சுண்ணாம்பு வாங்கி உள்ளங்கையில் உரத்தோடு தேயுங்கள். நல்ல யூரியாவில் உடனே நெடி வராது. மூக்கில் ஏறுகிற நெடி அடித்தால் அம்மோனியம் சல்பேட்டோ குளோரைடோ கலந்திருக்கிறது.

டிஏபிக்கு நேர்மாறு: சுண்ணாம்போடு தேய்த்தால் நெடி கட்டாயம் வரவேண்டும். வராவிட்டால் அது டிஏபி இல்லை, சாயம் பூசிய களிமண் குருணையாகவும் இருக்கலாம். ஆனால் நெடி வந்தது என்பதால் 18-46 முழுதும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள், ஏதோ அம்மோனியம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

சிவப்புப் பொட்டாஷ்: கண்ணாடித் தம்ளரில் கரைத்தால் உப்பு அடியோடு கரைந்து, செந்நிறம் மேலே படலமாக மிதக்கும். தண்ணீர் முழுதும் சிவந்து அடியில் மணல் நின்றால் திருப்பி அனுப்புங்கள். 15-15-15 மட்டும் இந்தச் சோதனைக்கு அடங்காது, நிரப்பி இருப்பதால் நல்ல சரக்கிலும் அடியில் வண்டல் நிற்கும். அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

எடையும் போடுங்கள். சாக்கைப் பிரித்து இரண்டு கிலோ எடுத்து மறுபடி தைத்த மூட்டையில் தையல் ஓட்டை இரட்டை வரிசையாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

9. பியாபோன் படகு

கூடைக் கணக்கு ஐயா சொன்ன ஆறரைக் கூடை, பதினொரு கூடை வித்தியாசத்துக்கு ஒரு வழி உண்டு: யூரியாக் கட்டி. வங்காளதேசத்து எந்திரத்தில் யூரியாவை 1.8 அல்லது 2.7 கிராம் கட்டியாக அழுத்துவது. நட்ட ஏழாம் நாள், நாலு நாற்றுக் குத்துக்கு நடுவே ஒன்று, 7–10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 25,300 கட்டி, 1.8 கிராம் என்றால் 45 கிலோ, ஒரு மூட்டைக்கும் குறைவு. மேல் தண்ணீரிலிருந்து ஆவியாகப் போவது அடைபடும், மூன்று தவணை வேலை ஒன்றாகும். எந்திரம் சின்ன முதல்தான், ஆறு குடும்பத்துக்குத் தாங்கும்.

10. கூடைக் கணக்கு

நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் டெல்டாவிலேயே பாதி வயல் கையால் விதை வீசின வயல். வரிசை இல்லாத இடத்தில் நாலு குத்துக்கு நடுவே என்பது ஏது? நிமிடத்துக்கு 20 கட்டி புதைத்தாலும் ஏக்கருக்கு 21 மணி நேரம், மூன்று ஆள் ஒரு நாள். இளைஞர்கள் எல்லாம் தாய்லாந்து போய்விட்ட ஊரில் அந்தக் கூலியை யார் கொடுப்பது?

11. பியாபோன் படகு

கூலி உண்மை. அதனால்தான் எல்லாருக்கும் என்று சொல்லவில்லை. கயிறு பிடித்து நடுகிற வயல், மணல் இல்லாத களிமண், சொந்த ஆள் உள்ள குடும்பம், இவர்களுக்கு மட்டும். கட்டியை மழைக்கு முன்பே செய்து அடுக்கவும் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி பாறையாகும். விற்கிற வாரத்தில் அழுத்த வேண்டும். எந்திரத்தின் உருளையை அன்றன்று கழுவி எண்ணெய் பூசாவிட்டால் யூரியா அரித்துக் குழி விழும். பிறகு கட்டி உடைந்து உடைந்து விழும்.

12. பேயின்னவுங் பயறு

நெல்லையே பேசுகிறோம், உளுந்தை விட்டுவிட்டீர்கள். கார்த்திகையில் ஈர நிலத்தில் போடுகிற உளுந்துக்குத் தழைச்சத்து அதிகம் வேண்டாம், வேர் முடிச்சே பார்த்துக்கொள்ளும். யெசின் விவசாய ஆராய்ச்சித் துறையின் ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலத்தை விதையில் கலந்து, ஏக்கருக்கு அரை மூட்டை டி-சூப்பர் போட்டால் போதும். ஆகக் கிடங்கில் ஐப்பசிக்கு யூரியா வேண்டாம், டி-சூப்பர் வேண்டும்.

உளுந்தின் பெரிய பலம் அதன் டாலர். 2021 ஜூனில் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா 2025-26 வரை வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வழியாக எடுக்க ஒப்புக்கொண்டது. திலவா அண்ணன் சொன்ன ஏற்றுமதி வருமானம் இதுதான். தொங்வா உளுந்தை ஒரே ஏற்றுமதியாளருக்குக் கொடுத்து, அவர் இறக்கும் உரத்தைப் பதிலுக்கு எடுப்பது பற்றிப் பேசிப் பாருங்கள்.

13. சௌத்தான் வயல்

அப்படியானால் அந்த மூன்று வழியையும் விட்டு, யாங்கோனில் மூட்டை எடுத்து ஊரில் விற்கிற கிடங்குதான் என்று மனம் போகிறது. 2,000 மூட்டையில் தொடங்கினால்? கடனுக்குக் கொடுக்காமல் முடியாதே.

14. கூடைக் கணக்கு

அந்தக் கடனில்தான் எல்லாரும் விழுகிறார்கள். பாருங்கள்: யாங்கோனில் மூட்டை 95,000-க்கு எடுத்தால் 2,000 மூட்டைக்கு 19 கோடி. ஏற்றுக்கூலி, சேதம் 3,000. ரொக்கத்துக்கு 1,10,000 விற்றால் மிச்சம் 12,000. கடனுக்கு 1,25,000 என்று வைத்தால் பார்க்க அதிகம்தான். ஆனால் ஆனியில் கொடுத்த பணம் மார்கழி அறுப்புக்குத் திரும்புகிறது. மாதம் 3 வட்டிக்கு ஆறு மாதம் 17,100. அடக்கம் 1,15,100, மிச்சம் 9,900. பத்துப் பேரில் ஒருவர் தரவில்லை என்றால் மூட்டைக்கு 12,500 போயிற்று. 2,600 கைநட்டம்.

விவசாயி பக்கமும் பாருங்கள். வாங்கும்போது 1,25,000 என்பது ஆறேகால் கூடை. அறுப்பில் கூடை 16,000-க்கு இறங்கினால் அது கிட்டத்தட்ட எட்டுக் கூடை. கொடுக்க மனமிருந்தும் முடியாமல் போவது இப்படித்தான். ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் என்று இருந்த விவசாய வங்கிக் கடன் இந்தக் கணக்கு விலையில் ஒரு மூட்டையும் கொஞ்சமும்தான்.

என் யோசனை: கடனைக் கியாட்டில் எழுதாமல் கூடையில் எழுதுங்கள். மூட்டைக்கு ஏழு கூடை, களத்தில் காய்ந்த நெல்லாக. விலை இறங்கினால் நட்டத்தில் உங்களுக்கும் பங்கு வரும், ஆனால் திருப்பித் தருபவர் எண்ணிக்கை கூடும். நெல்லை இரண்டு மாதம் வைத்து விற்க இடம் இருந்தால் அதிலேயே மீட்கலாம். உரம் காலியாகும் கிடங்கில் நெல் வைக்கலாம், ஆனால் தரையைக் கழுவிக் காயவைத்த பிறகுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்கு விடாதீர்கள்.

15. கலவைக்காரர்

கிடங்குக்கு என் பங்குக்கு இவ்வளவு. சிமெண்டுத் தரையில் நேராக அடுக்காதீர்கள், மரச்சட்டம் போடுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். அடி மூட்டை அழுந்திக் கல்லாகும். மழைக்காலத்தில் காற்றோட்டத்துக்கு என்று கதவைத் திறந்து வைப்பது தவறு, ஈரக்காற்றுதான் உள்ளே வரும். அடுக்கைத் தார்ப்பாயால் தரைவரை மூடிக் கதவைச் சாத்துங்கள். முதலில் வந்தது முதலில் போகும்படி, லாரி வந்த தேதியைச் சாக்கில் மையால் எழுதுங்கள். ஒவ்வொரு லாரியிலும் பத்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்த அரைக் கிலோ மாதிரி இரண்டு பொட்டலம், விற்றவரும் நீங்களும் கையெழுத்திட்டு ஒட்டி, ஆளுக்கொன்று. அறுப்பு முடிந்து கடைசிக் கூடை வந்து சேரும்வரை அதைத் தூக்கிப் போடாதீர்கள்.